பொன்னியின் செல்வனை எதில் படிப்பது: அச்சு, ஒலி, மின்னூல்

கேள்வி இதுதான். இரண்டு பாகப் படத்தையும் பார்த்தாயிற்று, இனி பொன்னியின் செல்வன் நாவலை முழுதாகப் படிக்க ஆசை. வேலைக்கு மின்சார ரயிலில் போக வர இரண்டு மணி நேரம் ஆகிறது. வீட்டில் அம்மா இருக்கிறார். இளவயதில் இதே நாவலைப் படித்தவர், இப்போது கண்புரையால் சின்ன எழுத்து தெரிவதில்லை, ஆனால் மறுபடி ஒரு முறை அந்தக் கதைக்குள் போய்வர வேண்டும் என்கிறார். அச்சுப் புத்தகம், ஒலிநூல், கிண்டில் மூன்றில் எதற்குப் பணம் போடலாம்?

நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அச்சு, அம்மாவுக்கு ஒலி. கிண்டிலை இந்த ஒரு நாவலுக்காக வாங்க வேண்டாம். மின்னூலை மட்டும் காசில்லாமல் இறக்கி போனில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

இதில் உங்கள் ரசனையைவிட முக்கியமான ஒன்று, இது உங்களுக்கு எத்தனையாவது வாசிப்பு என்பது. முதல் தடவை வருகிறவருக்கு ஆள் அடையாளம் தெரிய வேண்டும், முன்னே பின்னே புரட்ட வேண்டும். இரண்டாம், மூன்றாம் தடவை வருகிறவருக்குக் கதை தெரியும். அவருக்கு வேண்டியது அந்த ஆட்களோடு கொஞ்ச நேரம் இருப்பது. பெரும்பாலான ஆலோசனைகள் இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக வைத்துப் பேசுவதால்தான் குழப்பம்.

முதலில் நாவல் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை தொடராக வந்தது. ஐந்து பாகம்: புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம். அத்தியாயங்கள் முறையே 57, 53, 46, 46, 91. மொத்தம் 293. வாரா வாரம் வாசகரை அடுத்த இதழ் வரை காக்கவைக்க வேண்டும் என்பதால் அத்தியாயங்கள் சின்னவை, ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கதவு திறக்கும் நேரத்தில் முடியும். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டதைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே ஒலிநூல் என்பது இந்த நாவலுக்கு ஏதோ புதுசாக வந்த வசதி என்று நினைக்க வேண்டியதில்லை. காதால் கேட்கவும் தோதாக எழுதப்பட்ட கதைதான் இது.

அப்படியானால் உங்களுக்கும் ஒலியே போதாதா என்றால், போதாது. காரணம் பெயர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர். அருள்மொழிவர்மரும் பொன்னியின் செல்வரும் ஒருவரே. குந்தவை ஒரு இடத்தில் குந்தவை, இன்னொரு இடத்தில் இளைய பிராட்டி. பழுவூர் இளைய ராணி என்றால் நந்தினி. பழுவேட்டரையர்கள் இரண்டு பேர், அதில் சின்னவருக்குக் காலாந்தககண்டர் என்று இன்னொரு பெயர். ஆழ்வார்க்கடியானுக்குத் திருமலையப்பன் என்று ஒரு பெயர் உண்டு. பராந்தகர் என்று வந்தால் எந்தப் பராந்தகர் என்று நிதானிக்க வேண்டும், ஏனென்றால் சுந்தர சோழருக்கும் அந்தப் பெயர் உண்டு, அவர் தாத்தாவுக்கும் உண்டு. நடுவில் விஜயாலயன் காலத்திலிருந்து சோழ வம்சக் கதையை ஆசிரியர் விரித்துச் சொல்லும் பக்கங்கள் வேறு. ரயிலில் பல்லாவரத்தில் ஏறிய கூட்டத்துக்கு நடுவே இதைக் காதில் வாங்கினால், கிண்டிக்குள் ஒரு தலைமுறை விட்டுப்போயிருக்கும். புத்தகத்தில் நாலு பக்கம் பின்னால் புரட்டினால் தீர்ந்தது. ஒலியில் பதினைந்து விநாடி, பதினைந்து விநாடியாகப் பின்னால் போய்த் தேட வேண்டும்.

காகிதமா திரையா என்று நிறையப் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். 2018-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 54 ஆய்வுகளை, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த எழுத்தில் காகிதத்தில் படித்தவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. கதை மட்டும் என்று வந்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆக, திரையில் கதை படித்தால் மண்டையில் ஏறாது என்பது சும்மா பேச்சு. ஆனால் 2019-ல் நார்வேயைச் சேர்ந்த ஆன் மாங்கன் குழுவினர் ஒரு துப்பறியும் கதையை 50 பேருக்குக் கொடுத்தார்கள், பாதிப் பேருக்குக் கிண்டிலில், மீதிப் பேருக்கு அச்சில். மற்ற கேள்விகளில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமம். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று வரிசைப்படுத்துவதில் மட்டும் அச்சில் படித்தவர்கள் மேலாக இருந்தார்கள். இது சின்ன ஆய்வு, இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனாலும் பொன்னியின் செல்வனின் ஐந்தாம் பாகத்தை நினைத்தால் எனக்கு இது பொருந்துகிறது என்றே தோன்றுகிறது. அங்கே புயலும் வெள்ளமும் ஒரே சமயத்தில் பல ஊர்களில் அடிக்கின்றன. ஆசிரியர் ஓர் இடத்தில் கதையை நிறுத்தி, இன்னோர் இடத்துக்குப் போய், சில நாள் பின்னால் இருந்து தொடங்குவார். இடது கைப்பக்கம் எவ்வளவு பக்கம் தடித்திருக்கிறது என்ற உணர்வே அங்கே ஒரு துணை.

சரி, அச்சு என்று முடிவானால் எந்த அச்சு? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு 1999-ல் நாட்டுடைமை ஆக்கியது. அது நடக்காமல் இருந்திருந்தாலும், அவர் 1954 டிசம்பரில் மறைந்ததால், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற இந்தியச் சட்டக் கணக்கில் 2015 முதல் உரிமை பொதுவாகியிருக்கும். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்பதால் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. வானதி போன்ற பழைய பெயர்களின் ஐந்து தனித்தனித் தொகுதிகள் உண்டு, நடைபாதையில் கிடைக்கும் மலிவுப் பதிப்புகளும் உண்டு, எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிய பருமனான புத்தகமும் உண்டு. அந்த ஒரே கட்டை மட்டும் வாங்காதீர்கள். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, பையில் போட முடியாது, நடுப்பகுதியில் உள் ஓரத்து எழுத்துகள் தையலுக்குள் போய்விடும்.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது பொருளடக்கத்தில் மேலே சொன்ன 57, 53, 46, 46, 91 சரியாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு, அட்டையில் அப்படிப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும். ஐந்தாம் பாகத்தின் கடைசியில் முடிவுரை இருக்கிறதா என்று பாருங்கள். தொடர் முடிந்ததும் அவர்கள் என்ன ஆனார்கள், இவர்கள் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டதற்குக் கல்கி பதில் சொல்லும் பகுதி அது, சில பதிப்பாளர்கள் தாள் மிச்சம் பிடிக்க விட்டுவிடுவார்கள். அப்புறம் ஆழ்வார்க்கடியான் பாசுரம் சொல்லும் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். பாட்டு வரி வரியாக நிற்கிறதா, உரைநடையோடு சேர்த்து ஓட்டிவிட்டார்களா? பாட்டில் கவனம் காட்டியவர்கள் பிழைதிருத்தத்திலும் காட்டியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை இதுதான்.

படங்களும் ஒரு விஷயம். தொடர் முதலில் வந்தபோது வரைந்தவர் மணியம். இன்றைக்கு வந்தியத்தேவன் என்றதும் நம் மனசில் எழும் கொண்டையும் மீசையும், குந்தவையின் நிற்கும் தோரணையும், நாவலை எடுத்த சினிமாக்காரர்கள் உட்பட எல்லோருக்கும் அவர் கோட்டிலிருந்து கிடைத்தவை. பின்னால் மறுபடி தொடராக வந்தபோது வினு, பத்மவாசன் போன்றவர்களும் வரைந்தார்கள். நாட்டுடைமை ஆனது கல்கியின் எழுத்து மட்டும். ஓவியம் அதில் சேராது. மலிவுப் பதிப்பிலும் இலவச மின்னூலிலும் படமே இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். நூறு இருநூறு கூடினாலும் மணியம் படங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் அதை எடுங்கள். அவசரம் இல்லையென்றால் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சி வரை பொறுக்கலாம், பத்து சதவீதக் கழிவு கிடைக்கும், நாலு கடைப் பதிப்புகளை அடுத்தடுத்துப் பிரித்தும் பார்க்கலாம்.

ஒரேயடியாக ஐந்தும் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதல் பாகத்தை மாவட்ட நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், எழுபத்து நான்கு கணவாய்களிலும் தண்ணீர் பாயும் ஓசைக்கு நடுவே ஒரு வாலிபன் குதிரையில் வருகிறான். அந்த ஏரி இன்றும் காட்டுமன்னார்கோவில் பக்கம் வீராணம் என்ற பெயரில் இருக்கிறது, உங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் ஒருவேளை அதன் தண்ணீராக இருக்கலாம். அவன் கடம்பூர் மாளிகைக்குள் போய் நள்ளிரவில் காதில் விழக்கூடாததைக் கேட்கும் வரை படித்துவிட்டால் மீதி நாலு பாகத்தை நீங்களே தேடிப் போவீர்கள். அதற்குள்ளும் பிடிக்கவில்லையென்றால் வடிவத்தை மாற்றுவதால் பிடிக்கப்போவதில்லை. வாங்கியபின் மூன்றாம் பாகத்தை மட்டும் யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். இரண்டாம் பாகத்தை முடித்த நண்பர் மூன்றாவதைத்தான் கெஞ்சிக் கேட்பார். கொலை வாள் மட்டும் இல்லாத செட்டுகளை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இனி ஒலி. அம்மா விஷயத்தில் யோசனையே வேண்டாம். ஆனால் ஒலிநூல் என்ற பெயரில் கிடைப்பவை எல்லாம் ஒன்றில்லை. ஒருவரே முழுதும் வாசிப்பது ஒரு வகை, தீபிகா அருணின் கதை ஓசை மாதிரி. பல குரல்களும் இசையும் சேர்த்து நாடகம் போல அமைத்தது இன்னொன்று, பாம்பே கண்ணன் தயாரித்தது இதில் எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாவது, யூடியூபில் கதைச்சுருக்கம் சொல்கிறவர்கள். நான்காவது, மின்னூலை இயந்திரக் குரலுக்குக் கொடுத்து ஓடவிட்டது. கடைசி இரண்டையும் தள்ளிவிடுங்கள். இயந்திரக் குரலின் சிக்கல் தமிழில் தனி. ஒரே க, ஒரே த இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கும். சாதாரணச் சொற்களில் சமாளித்துவிடும். பார்த்திபேந்திரன், பூதி விக்கிரமகேசரி என்று வரும்போது கொலை செய்யும். மேலும் இந்த நாவலில் பாதி உரையாடல். நந்தினி ஒரு வாக்கியத்தைச் சாதுவாகச் சொல்கிறாளா குத்திச் சொல்கிறாளா என்பதில்தான் கதையே ஓடுகிறது.

முதல் இரண்டு வகையில் என் ஓட்டு ஒரு குரலுக்கு. கல்கி அடிக்கடி கதையை நிறுத்தி வாசகரோடு நேரே பேசுவார், கேலி செய்வார், போன வாரம் நடந்ததை ஞாபகப்படுத்துவார். அந்தக் கதைசொல்லிதான் நாவலின் முதல் பாத்திரம். ஒரே ஆள் வாசிக்கும்போது அவர் கதை முழுக்கக் கூடவே வருகிறார். பல குரல் வந்ததும் அவர் ஓர் ஓரத்துக்குப் போய், காட்சி முன்னே வந்துவிடுகிறது. ஆனால் பாட்டு வரும் இடங்களில் நாடகப் பாணிக்குப் பெரிய சாதகம் உண்டு. பூங்குழலி கோடிக்கரையில் படகில் பாடும் பாட்டை அச்சில் படிக்கிறவர்களில் பாதிப்பேர் கண்ணாலேயே தாண்டிவிடுகிறார்கள். தேவாரம், பாசுரம் எல்லாவற்றுக்கும் அதே கதி. காதில் கேட்டால் தாண்ட முடியாது. அம்மா பாட்டுக் கேட்கிற மனுஷி என்றால் பல குரல் பதிப்பையே எடுங்கள்.

முழுமையானதா என்று பார்க்க நேரக் கணக்குப் போதும். வெட்டாமல் வாசித்த பதிப்பு அறுபது மணி நேரத்தைத் தாண்டும். பதினைந்து இருபது மணி நேரத்தில் முழு நாவல் என்று எவராவது விற்றால் அது சுருக்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எழுத்து பொதுச்சொத்து ஆனதால் குரலும் இலவசம் ஆகிவிடாது. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. கல்கி நாட்டுடைமைதானே என்று சொல்லி, இன்னொருவர் மாதக்கணக்கில் வாசித்ததைத் தூக்கித் தங்கள் அலைவரிசையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயாரித்தவர்களின் சொந்தப் பக்கத்தில் கேட்டால் சில சமயம் இலவசமாகவே கிடைக்கும், அத்தியாய வரிசையும் குழம்பாமல் இருக்கும்.

இப்போது உங்கள் ரயில் நேரத்துக்கு வருவோம். இங்கே ஒரு நல்ல வழி இருக்கிறது. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆனால் பாகமும் அத்தியாயமும் எல்லா வடிவிலும் ஒன்றே. ஆங்கில நாவல்களுக்கு மின்னூலையும் ஒலியையும் தானாக இணைத்துத் தரும் வசதிகள் வந்திருக்கின்றன. நமக்கு அத்தியாய எண்ணே அந்த வேலையைச் செய்துவிடும். இரவு வீட்டில் அச்சில் நாலைந்து அத்தியாயம் படியுங்கள். மறுநாள் ரயிலில் அதே அத்தியாயங்களைக் கேளுங்கள். படித்ததையே கேட்பதா என்று தோன்றும். கேட்டுப் பாருங்கள். கதை எங்கே போகிறது என்ற பரபரப்பு அடங்கியபிறகுதான் வசனத்தின் ருசி காதில் விழும். வழியில் இரண்டு நிமிடம் கவனம் சிதறினாலும் நஷ்டம் இல்லை. முதல் இரண்டு பாகம் பெரும்பாலும் பயணம், துரத்தல், கடல், இலங்கை. அவற்றில் துணிந்து ஒலியை முன்னே விடலாம். மூன்றாம் பாகத்திலிருந்து சதிப் பேச்சுகள் அடர்த்தியாகும். அங்கிருந்து அச்சு முன்னே போகட்டும்.

படம் பார்த்திருப்பதால் எல்லாம் தெரியும் என்றும் நினைத்துவிடாதீர்கள். மணிமேகலை என்று ஒரு பெண் நாவலில் இருக்கிறாள், படத்தில் அவள் இல்லவே இல்லை. முடிவும் அப்படியே வராது. ஒலியில் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டே போனால் படத்தில் பார்த்ததை வைத்து மனசு இட்டு நிரப்பிவிடும், வேறு கதை நடக்கிறது என்பதே உறைக்காது. முதல் வாசிப்பு பெரும்பாலும் அச்சில் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் சேர்த்தி.

கிண்டிலைப் பற்றி. கருவி நல்ல கருவிதான். மின்மைத் (e-ink) திரை என்பதால் கண் கூசாது, ஒரு தடவை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வரும், இருநூறு கிராம் சொச்சம்தான் எடை. 2016 டிசம்பரிலிருந்து தமிழ்ப் புத்தகங்களும் அதில் அதிகாரபூர்வமாக விற்கின்றன. வெளிநாட்டில் இருந்து கேட்டிருந்தால் என் விடை மாறியிருக்கும், ஐந்து தொகுதிக்கான தபால் செலவில் பாதிக் கருவி வந்துவிடும். சென்னையில் இருந்துகொண்டு, தமிழ் நாவல் ஒன்றைப் படிக்க மட்டும் என்றால் அவசியம் இல்லை. அம்மாவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கலாமே என்று நினைப்பீர்கள். ஆறு அங்குலத் திரையில் தமிழ் எழுத்தை மிகப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் கொள்ளும். நம் சொற்கள் நீளம். இரண்டு ஓரமும் சமன் செய்தால் நடுவே ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும். அதைவிட வீட்டில் பத்து அங்குல டேப்லெட் இருந்தால் அதில் இடது ஓரம் மட்டும் சமன் செய்து வைத்துக் கொடுங்கள். புரை அறுவை முடிந்து கண் தெளிந்தால் அவரே அச்சுக்குத் திரும்பிவிடுவார்.

ஆனால் மின்னூல் வேண்டும் என்று முதலிலேயே சொன்னேனே, அது தேடுவதற்காக. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற தன்னார்வலர் குழு ஐந்து பாகத்தையும் தட்டச்சு செய்து இலவசமாக வைத்திருக்கிறது. தமிழ் விக்கிமூலத்திலும் உண்டு. ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம், அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு ஓடிவிடும், தேடலும் ஓடாது. ஒருங்குறியில் (யூனிகோட்) உள்ள ஈபப் (EPUB) கோப்பை எடுங்கள். இவர் யார், எங்கே வந்தார் என்று நாவலின் நடுவே மறந்தால் பெயரைத் தட்டுங்கள். ஒரு சின்ன நுட்பம்: கரிகாலன் என்று முழுசாகத் தட்டினால் கரிகாலரும் கரிகாலனுக்கும் சிக்காது, வேற்றுமை ஏறியதும் கடைசி எழுத்து மாறிவிடுகிறது. கரிகால என்று நிறுத்தினால் எல்லாம் வரும். நீங்கள் படித்து முடித்த இடத்துக்கு அப்பால் வரும் தேடல் முடிவுகளை மட்டும் பார்க்காதீர்கள், யார் எப்போது என்ன ஆகிறார் என்பது அந்த ஒரு வரியிலேயே அம்பலமாகிவிடும்.

காசு கொடுத்து வாங்கிய மின்னூல் உங்கள் சொத்தா என்ற கேள்வியையும் சிலர் கிளப்புவார்கள். நியாயமான கேள்வி. 2009-ல் அமேசான் தான் விற்ற நாவல் ஒன்றை உரிமைச் சிக்கலால் வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற புத்தகங்கள் எல்லாமே காணாமல் போயின. பொன்னியின் செல்வனுக்கு இந்தக் கவலை இல்லை, இலவசக் கோப்பு உங்கள் கையில் இருக்கும். இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களின் தொடர் நாவல் என்று வரும்போது யோசியுங்கள்.

அம்மாவுக்கு ஒலிநூலைப் போட்டுக் கொடுக்கும்போது முதல் அத்தியாயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று இல்லை. கதை அவருக்குத் தெரியும். எந்த இடம் பிடிக்கும் என்று கேளுங்கள். குடந்தை ஜோதிடர் வீடு என்பார், அல்லது சமுத்திரகுமாரி என்பார், அல்லது உங்களுக்கு இன்னும் தெரியாத ஏதோ ஓர் இடம். அத்தியாயத் தலைப்புகளை நீங்கள் வாசித்துக் காட்டினால் அவரே பிடித்துவிடுவார். ஐந்தாம் பாகத்துத் தலைப்புகளை மட்டும் வாசிக்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள், நீங்கள் இன்னும் அங்கே போகவில்லை.